அப்பா கார் ஓட்டுவதை நிறுத்தினால் எதில் போவார்? முதியோர் பயணத்துக்கான வழிகள்: ஓர் ஒப்பீடு

எழுபதைத் தாண்டிய அப்பா இன்னும் கார் ஓட்டுகிறார். போன மாதம் கேட் தூணில் உரசிவிட்டது. அதற்கு முன்னால் ஒருநாள், சிக்னலில் பச்சை விழுந்தும் வண்டி நகராமல் பின்னால் நின்றவர்கள் எல்லோரும் ஹாரன் அடித்தார்கள். மகனும் மகளும் வெளியூரில் இருக்கிறார்கள். நிறுத்தச் சொன்னால் அப்பா கோபித்துக்கொள்வார், சொல்லாமல் விட்டால் ராத்திரி தூக்கம் வராது. இந்த நிலையில் என்ன முடிவெடுப்பது என்று கேட்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

இதில் என் கவலை எங்கே என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஓட்டலாமா கூடாதா என்பதோடு பேச்சை முடித்துக்கொள்ளும் குடும்பங்கள் ஒரு பெரிய ஆபத்தைக் கவனிக்காமல் விடுகின்றன. கார் சாவியை வாங்கி வைத்த வீட்டில், மறுநாளே அப்பா ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு கடைக்குப் போகிறார். பக்கத்துத் தெருதானே என்று யாரும் தடுப்பதில்லை. காரை நிறுத்துவது பாதி முடிவுதான். அதற்குப் பதிலாக அவர் எதில் ஏறப்போகிறார் என்பதுதான் மீதிப் பாதி, அந்தப் பாதியில்தான் உயிர் இருக்கிறது.

## வயதானவர்கள் உண்மையிலேயே ஆபத்தான ஓட்டுநர்களா?

பொதுவாகப் பார்த்தால், இல்லை. அவர்கள் குடித்துவிட்டு ஓட்டுவது குறைவு. வேகம் குறைவு. இரவையும் மழையையும் தாங்களாகவே தவிர்க்கிறார்கள். ஓட்டிய தூரத்துக்கு எத்தனை விபத்து என்று கணக்கிட்ட நாடுகளில், மிக மோசமான இடத்தில் இருப்பவர்கள் பதின்வயதினரும் இருபதுகளின் தொடக்கத்தில் இருப்பவர்களும்தான். எழுபதுக்கு மேல் அந்தக் கணக்கு மெல்ல ஏறத் தொடங்கி, எண்பதுக்கு மேல் வேகமாக ஏறுகிறது.

ஆனால் வயதானவர் ஓட்டும் வண்டி மோதினால் பெரும்பாலும் உயிர் போவது அவருடையதாகவே இருக்கிறது. முப்பது வயதுக்காரர் எலும்பு முறிவோடு எழுந்து வரும் அடியில், எழுபத்தைந்து வயதுக்காரர் எழுந்து வராமல் போகலாம்.

அவர்கள் தடுமாறும் இடமும் தனி. நேர் ரோட்டில் பிரச்சினை இல்லை. சந்திப்புகளில், எதிரே வரும் வண்டிகளைக் கடந்து வலப்பக்கம் திரும்பும் இடங்களில்தான் தவறு நடக்கிறது. எதிரே வரும் வேகத்தைக் கணிப்பது, பக்கவாட்டைப் பார்ப்பது, முடிவெடுப்பது மூன்றையும் ஒரே நொடியில் செய்ய வேண்டிய இடம் அது. நம் ஊர் ஜி.எஸ்.டி. சாலையிலோ அவிநாசி சாலையிலோ மீடியன் இடைவெளியில் யூ டர்ன் போட்டவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

இன்னொரு வகைத் தவறு அரிதாக நடந்தாலும் கொடூரமானது: பிரேக் என்று நினைத்து ஆக்சிலரேட்டரை மிதிப்பது. 2019 ஏப்ரலில் டோக்கியோவின் இகெபுகுரோ பகுதியில் 87 வயதுக்காரர் ஒருவர் ஓட்டிய கார் இப்படித்தான் ஒரு தாயையும் அவருடைய 3 வயது மகளையும் கொன்றது. 2003-ல் அமெரிக்காவின் சாண்டா மோனிகாவில் 86 வயதுக்காரரின் கார் சந்தைக்குள் புகுந்து 10 பேர் இறந்தார்கள். பிரேக்கை மிதிப்பதாக நம்பிக்கொண்டிருப்பதால், வண்டி நிற்காதபோது இன்னும் அழுத்தி மிதிப்பார்கள். வேகம் கூடிக்கொண்டே போகும்.

## சட்டம் நமக்காக முடிவெடுக்காது

இந்தியாவில் லைசென்ஸுக்கு மேல்வயது வரம்பு கிடையாது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019 திருத்தத்துக்குப் பிறகு, 55 வயதுக்கு மேல் புதுப்பிக்கும் லைசென்ஸ் 5 ஆண்டுக்குச் செல்லும். 40 வயதைத் தாண்டியவர்கள் ஃபார்ம் 1ஏ என்ற மருத்துவச் சான்று கொடுக்க வேண்டும். நல்ல பகல் வெளிச்சத்தில் 25 மீட்டர் தூரத்திலிருந்து காரின் நம்பர் பிளேட்டைப் படிக்க முடிகிறதா என்ற கேள்வி அதில் இருக்கிறது. நல்ல கேள்விதான். ஆனால் அந்தச் சான்று பல இடங்களில் எவ்வளவு சுலபமாகக் கிடைக்கிறது என்பது ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்குப் போய்வந்த எல்லோருக்கும் தெரியும். 74 வயதில் புதுப்பித்தவரை 79 வயது வரை மறுபடி யாரும் சோதிக்கப்போவதும் இல்லை. அந்த 5 ஆண்டில் உடம்பில் எவ்வளவோ மாறிவிடும்.

ஜப்பானில் 75 வயதைத் தாண்டினால் புதுப்பிக்கும்போது நினைவாற்றல் சோதனை உண்டு. விதிமீறல் பதிவு இருந்தால் 2022 முதல் ஓட்டிக்காட்டவும் வேண்டும். லைசென்ஸைத் தாமாகவே திருப்பிக் கொடுப்பவர்களுக்கு அடையாள அட்டை போல ஒரு சான்று தருகிறார்கள். அதைக் காட்டினால் பல ஊர்களில் பஸ், டாக்ஸி கட்டணத்தில் சலுகை கிடைக்கும். 2019-ல் மட்டும் சுமார் 6 லட்சம் பேர் திருப்பிக் கொடுத்தார்கள். நம்மிடம் அப்படி ஓர் ஏற்பாடு இல்லாததால், சோதனை, பேச்சு, மாற்று ஏற்பாடு மூன்றும் குடும்பத்தின் தலையில்தான்.

## எதை வைத்து அளப்பது

வழிகளுக்குள் போகும் முன் அளவுகோல்களை வரிசைப்படுத்திக்கொள்வோம். வயது இதில் சேராது. அறுபத்தைந்தில் ஓட்டக் கூடாதவரும் உண்டு, எண்பதில் அழகாக ஓட்டுகிறவரும் உண்டு.

உடம்பு. முதலில் கண். புரை இருந்தால் எதிர் வண்டியின் ஹை பீம் வெளிச்சம் முழுவதும் சிதறி ரோடே தெரியாது. அறுவை செய்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். கண் நீர் அழுத்த நோய் அப்படியல்ல. அது பக்கவாட்டுப் பார்வையை ஓசையில்லாமல் தின்றுகொண்டே போகும், ஓட்டுகிறவருக்குத் தெரியவே தெரியாது. பக்கத்தில் வந்த பைக்கை அவர் உண்மையிலேயே பார்த்திருக்க மாட்டார். 25 மீட்டர் நம்பர் பிளேட் சோதனையில் இது சிக்காது, கண் மருத்துவரிடம் பார்வைப் பரப்புச் சோதனை தனியாகச் செய்ய வேண்டும். இன்னொன்று, அறுபது வயதில் விழித்திரைக்குப் போய்ச் சேரும் வெளிச்சம், இருபது வயதில் போனதில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான். இரவில் ஓட்டுவது கஷ்டமாவதற்குக் காரணம் இதுதான்.

அப்புறம் கால். பல வருடச் சர்க்கரை நோயால் பாதம் மரத்துப்போனவருக்கு, எந்தப் பெடலில் எவ்வளவு அழுத்துகிறோம் என்ற உணர்வே இருக்காது. பிரேக், ஆக்சிலரேட்டர் குழப்பத்துக்கு இதைவிடச் சுலபமான வழி வேண்டாம். வீட்டிலேயே செய்யக்கூடிய சோதனை ஒன்று உண்டு: 3 மீட்டர் தூரம் எவ்வளவு வேகமாக முடியுமோ அவ்வளவு வேகமாக நடந்து, திரும்பி வரச் சொல்லுங்கள். 9 வினாடிக்கு மேல் ஆனால் மருத்துவரிடம் பேச வேண்டிய நேரம் வந்துவிட்டது. கழுத்தைத் திருப்பித் தோளுக்குப் பின்னால் பார்க்க முடிகிறதா என்றும் பாருங்கள்.

மருந்துகளை மறந்துவிடாதீர்கள். இன்சுலினும் கிளிமெபிரைடு போன்ற மாத்திரைகளும் சர்க்கரையைத் திடீரென்று இறக்கிவிடக்கூடியவை. இன்சுலின் போடுபவர் வண்டி எடுக்கும் முன் சர்க்கரை 90-க்கு மேல் இருக்க வேண்டும் என்பது பிரிட்டனில் பின்பற்றும் அளவு. ராத்திரி தூக்கத்துக்காகப் போட்ட அல்பிரஸோலம் மாத்திரை மறுநாள் காலையும் மந்தமாக வைத்திருக்கும். சளிக்கு வாங்கிய மாத்திரையும் அப்படித்தான்.

ரோடு. காரைக்குடியின் உள்தெருக்களில் காலை பத்து மணிக்கு ஓட்டுவதும், சாயங்காலம் ஆறு மணிக்கு ஓ.எம்.ஆரில் ஓட்டுவதும் ஒன்றல்ல.

அடி யாருக்கு. சில வழிகளில் ஆபத்து அவருக்கு மட்டும். சில வழிகளில் நடைபாதையில் நிற்கும் குழந்தைக்கும் சேர்த்து. இரண்டாவது வகையில் அவருடைய விருப்பம் மட்டும் போதாது.

உண்மையான செலவு. பெட்ரோல் மட்டும் செலவில்லை. கீழே கணக்குப் போடுகிறேன்.

வெளியே போகும் சுதந்திரம். இதைச் சொகுசு என்று நினைக்காதீர்கள். கார் ஓட்டுவதை நிறுத்திய முதியோருக்கு மனச்சோர்வு வரும் வாய்ப்பு ஏறக்குறைய இரு மடங்காகிறது என்று 2016-ல் அமெரிக்க ஆய்வாளர்கள் பல ஆய்வுகளைத் தொகுத்துச் சொன்னார்கள். இதில் அம்மாவையும் சேர்த்துப் பாருங்கள். அந்தத் தலைமுறையில் பெரும்பாலான அம்மாக்கள் ஓட்டக் கற்றுக்கொள்ளவில்லை. அப்பாவின் கார் நின்றால் அம்மாவின் கோயில், தங்கை வீடு, நர்சரி எல்லாம் சேர்ந்து நிற்கும், அவரை யாரும் கேட்காமலேயே.

## வழி 1: எல்லை போட்டுக்கொண்டு தானே ஓட்டுவது

பகலில் மட்டும், தெரிந்த ரோட்டில் மட்டும், நெடுஞ்சாலை கிடையாது, மழையில் கிடையாது. வலப்பக்கத் திருப்பம் கஷ்டமான இடத்தில் சுற்றிப் போனாலும் பரவாயில்லை, சிக்னல் உள்ள ரோட்டில்தான் திரும்ப வேண்டும். பேரக்குழந்தையை ஸ்கூலில் விடும் வேலை கிடையாது, ஏனென்றால் அது நேர நெருக்கடியில், கூட்டத்துக்கு நடுவில் ஓட்டும் வேலை.

உடம்புச் சோதனைகளில் தேறியவருக்கு, சிறிய ஊரில் இருப்பவருக்கு, இதுதான் நல்ல வழி என்று நான் நினைக்கிறேன். அவரை அனாவசியமாக நிறுத்துவதும் ஒரு தீங்குதான். சீட் பெல்ட்டும் ஏர்பேக்கும் இரும்புக் கூடும் உள்ள வண்டியில் இருக்கிறார் என்பதை மறக்கக் கூடாது.

ஆனால் மறைவான செலவுகள் உண்டு. முதலாவது, கண்காணிப்பு. ஆறு மாதத்துக்கு ஒருமுறையாவது பக்கத்தில் உட்கார்ந்து அரை மணி நேரம் போய்வர வேண்டும். ஒரு வார்த்தை பேசாமல் பாருங்கள். லேன் நடுவில் இருக்கிறாரா, ஒரு பக்கம் இழுக்கிறதா? கண்ணாடி பார்க்கிறாரா? எதிரே பைக் வந்தபோது நீங்கள் உங்கள் காலை அழுத்தினீர்களா? அவருடைய கால் எப்போது அழுத்தியது? தெரிந்த வழியில் குழம்பினால் அது வேறு விஷயம், நரம்பியல் மருத்துவரிடம் போக வேண்டும்.

இரண்டாவது, இன்ஷூரன்ஸ். லைசென்ஸ் காலாவதியாகி ஒரு வருடத்துக்கு மேல் ஆகிவிட்டால் திரும்ப ஓட்டிக்காட்டித்தான் புதுப்பிக்க முடியும். பல அப்பாக்கள் பழைய அட்டையைப் பர்ஸில் வைத்தபடி தேதி பார்க்காமல் ஓட்டிக்கொண்டிருக்கிறார்கள். செல்லாத லைசென்ஸோடு விபத்து நடந்தால் சொந்த வண்டிச் சேதத்துக்கு நிறுவனம் கைவிரிக்கலாம். அடிபட்டவருக்குக் கொடுத்த நஷ்ட ஈட்டையும் உங்களிடமே திரும்பக் கேட்கலாம். இன்றைக்கே தேதியைப் பாருங்கள்.

## வழி 2: ஆட்டோமேட்டிக் வாங்கிக் கொடுப்பது

முழங்கால் வலி உள்ள அப்பாவுக்குப் பிள்ளைகள் முதலில் யோசிக்கும் பரிசு இது. கிளட்ச் வேலை போய்விடும், மேட்டில் வண்டி பின்னால் உருளாது, கவனம் ரோட்டில் இருக்கும். வலி ஒன்றுதான் பிரச்சினை, மற்றதெல்லாம் நன்றாக இருக்கிறது என்றால், அதுவும் அறுபதுகளிலேயே மாறினால், நல்ல முடிவு.

எழுபத்தைந்தில் மாறுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். நாற்பது வருடம் கிளட்சோடு பழகிய கால் பதற்றத்தில் பழைய பழக்கத்துக்கே போகும். இடது கால் கிளட்ச் என்று நினைத்துப் பிரேக்கை ஓங்கி மிதித்தால் பின்னால் வருபவன் மோதுவான். வலது கால் தவறினால் தடுக்க ஆளில்லை. மேனுவல் வண்டியில் கிளட்சைத் தப்பாக விட்டால் இன்ஜின் அணைந்து நின்றுவிடும். ஆட்டோமேட்டிக்கில் அந்தத் தற்செயல் பாதுகாப்பும் இல்லை. பிரேக்கிலிருந்து காலை எடுத்தாலே வண்டி மெல்ல நகரும் என்பதும் பார்க்கிங்கில் அவர்களை ஏமாற்றுகிறது. தானாகப் பிரேக் பிடிக்கும் வசதி உள்ள மாடல்கள் இப்போது வருகின்றன, உதவும்தான். ஆனால் நம் தெருவில் குறுக்கே வரும் மாட்டையும் எதிர்த்திசையில் வரும் பைக்கையும் அது எப்போதும் பிடித்துவிடும் என்று நம்பிவிட வேண்டாம்.

## வழி 3: டிரைவர் வைப்பது

மாதச் சம்பளத்துக்கு ஒருவர், அல்லது தேவைப்படும் நாளுக்கு மட்டும் ஆக்டிங் டிரைவர். கார் வீட்டிலேயே இருக்கும், அப்பாவின் கார் அப்பாவின் காராகவே இருக்கும். நினைத்த இடத்தில் நிறுத்தலாம், காத்திருக்கச் சொல்லலாம். ஆஸ்பத்திரியில் வீல்சேர் தள்ளவும் பில் கவுண்டரில் நிற்கவும் ஓர் ஆள் கிடைக்கிறார். தன்மானம் உள்ள அப்பாக்கள் மற்ற எல்லா வழிகளையும்விட இதை எளிதாக ஏற்றுக்கொள்கிறார்கள்.

தினமும் வெளியே போகிறவருக்குத்தான் மாதச் சம்பளம் கட்டுப்படியாகும். வாரத்தில் இரண்டு மூன்று நாள் போதும் என்றால் ஆக்டிங் டிரைவரே சரி. ஒரே ஆளைத் தொடர்ந்து கூப்பிடுங்கள், முதியவருக்குப் பழகிய முகம் முக்கியம். சம்பளத்துக்கு மேல் சாப்பாட்டுப் படி, இரவுப் படி, தீபாவளி போனஸ் என்று செலவு கூடும். அதைக் கொடுப்பதில் கணக்குப் பார்க்காதீர்கள், உங்கள் பெற்றோர் அவர் கையில் இருக்கிறார்கள். அவருடைய லைசென்ஸைப் பரிவாஹன் என்ற அரசுப் போக்குவரத்து இணையதளத்தில் சரிபாருங்கள். கார் இன்ஷூரன்ஸில் சம்பள டிரைவருக்கான சட்டப் பொறுப்புக் காப்பைச் சேருங்கள், மிகச் சிறிய தொகைதான், பலர் சேர்ப்பதே இல்லை.

இதன் பலவீனம், திடீர்த் தேவை. ராத்திரி இரண்டு மணிக்கு நெஞ்சு வலித்தால் டிரைவர் வர மாட்டார். அப்போது கூப்பிட வேண்டியது 108. எப்போதும் 108-தான். நெஞ்சு வலியோடு தானே கார் ஓட்டிப் போகும் பெரியவர்கள் இருக்கிறார்கள், அந்த ஒரு வழக்கத்தையாவது இன்றே பேசி நிறுத்துங்கள்.

## வழி 4: கால் டாக்ஸியும் ஆட்டோவும்

செலவு அதிகம் என்று அப்பா உடனே மறுப்பார். அதனால் கணக்கைத் தாளில் எழுதிக் காட்டுங்கள். மாதம் 300 கிலோமீட்டர் ஓட்டுகிறார் என்று வைத்துக்கொள்வோம். லிட்டருக்கு 15 கிலோமீட்டர் கொடுத்தால் 20 லிட்டர், ஏறத்தாழ ₹2,000. இன்ஷூரன்ஸும் சர்வீஸும் சேர்த்து வருடம் ₹21,600 என்றால் மாதம் ₹1,800. காரின் மதிப்பு வருடத்துக்கு ₹40,000 குறைகிறது என்றால் மாதம் ₹3,300 சொச்சம். ஆக ₹7,100. அதே 300 கிலோமீட்டரை டாக்ஸியில், கிலோமீட்டருக்கு ₹25 வைத்தாலும் ₹7,500. உங்கள் வீட்டு எண்களைப் போட்டுப் பாருங்கள். அதைவிடக் குறைவாக ஓட்டுகிறவருக்கு டாக்ஸிதான் மலிவு. டயர், பேட்டரி, தூணில் உரசியதற்கான டிங்கரிங் எதையும் நான் சேர்க்கவே இல்லை.

பணம் அல்ல, ஆப்தான் இங்கே பிரச்சினை. ஓடிபி சொல்ல வேண்டும், மேப்பில் வீட்டைக் காட்டும் புள்ளி தப்பான இடத்தில் இருக்கும், டிரைவர் கூப்பிட்டு எங்கே போகணும், கேஷா என்று கேட்பார், கேன்சல் செய்துவிடுவார். வெயிலில் வாசலில் நிற்கும் எழுபத்தாறு வயதுக்காரருக்கு இரண்டு கேன்சல் போதும், மூன்றாம் முறை ஸ்கூட்டரை எடுத்துவிடுவார். வெளியூரில் இருக்கும் பிள்ளைகள் தங்கள் போனிலிருந்தே புக் செய்து, வண்டி நம்பரை அப்பாவுக்குச் சொல்வது நன்றாக வேலை செய்கிறது. கோவையில் தொடங்கிய ரெட் டாக்ஸி போல, போன் செய்து கூப்பிடக்கூடிய நிறுவனங்கள் உள்ள ஊர் என்றால் இன்னும் எளிது.

ஆனால் நான் பார்த்தவரையில் முதியவர்களுக்கு எல்லாவற்றையும்விட நன்றாக அமைவது தெரிந்த ஆட்டோக்காரர் ஒருவர். தெருமுனை ஸ்டாண்டில் இருப்பவர். வாரத்தில் எந்த நாள் எங்கே என்று ஒருமுறை பேசிவிட்டால் சொன்ன நேரத்துக்கு வந்து நிற்பார். மாதக் கணக்காகக் கொடுத்துவிடலாம். ஆட்டோவின் தரை தாழ்வாக இருப்பதால் முழங்கால் வலிக்காரர்கள் பலருக்கு ஏறி இறங்க சிரமமில்லை. வண்டி உலுக்கும் என்பதால் முதுகெலும்புப் பிரச்சினை உள்ளவர்களுக்கு மட்டும் யோசிக்க வேண்டும்.

## வழி 5: பஸ்ஸும் மெட்ரோவும்

சென்னையில் 60 வயதைத் தாண்டியவர்களுக்கு மாநகரப் பேருந்தில் மாதம் 10 இலவச டோக்கன் உண்டு. அம்மாவுக்குச் சாதாரணக் கட்டண நகரப் பேருந்து 2021 முதல் இலவசம். மெட்ரோ நிலையங்களில் லிஃப்ட் இருக்கிறது. சென்ட்ரலில் இறங்கினால் அரசுப் பொது மருத்துவமனை எதிரிலேயே. நிலையத்துக்குப் பக்கத்தில் வீடு இருந்தால், போகும் இடமும் அப்படியே அமைந்தால், மெட்ரோவை மிஞ்ச எதுவும் இல்லை.

பஸ்ஸைப் பற்றி அவ்வளவு உற்சாகமாகச் சொல்ல முடியவில்லை. தாழ்தளப் பேருந்துகள் வந்தால் சரி. மற்றவற்றில் முதல் படியின் உயரமே பல பெரியவர்களுக்கு மலை. உட்காரும் முன் வண்டி கிளம்பிவிடும். பஸ்ஸுக்குள் விழுந்து இடுப்பு எலும்பு உடைந்தால் அது விபத்துக் கணக்கில்கூட வராமல் போகலாம், ஆனால் அவர் மறுபடி பழையபடி நடப்பது சந்தேகம். நிறுத்தத்துக்குப் போக ரோட்டைக் கடக்க வேண்டும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நடைபாதை இல்லாத ரோட்டில் நடப்பதும் ஒரு பயணமுறைதான், அதற்கும் ஆபத்து உண்டு.

## யாரும் தேர்ந்தெடுக்காமலே நடந்துவிடும் வழி: ஸ்கூட்டர்

2022-ல் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் இறந்ததாக மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் சொல்கிறது. அவர்களில் சுமார் 44 சதவீதம் பேர் இருசக்கர வாகனத்தில் போனவர்கள். அந்த ஆண்டு விபத்துகளின் எண்ணிக்கையில் முதலிடம் தமிழ்நாட்டுக்கு. நம் நாட்டில் பைக்குகள் அதிகம் என்பதால் பங்கும் அதிகம் என்று சொல்லலாம், சரிதான். ஆனால் ஒரு முதியவருக்கு இதன் அர்த்தம் வேறு. மணல் சறுக்கி மெதுவாக விழுந்தாலே இடுப்பு போகும். இதயத்துக்காக ஆஸ்பிரினோ குளோபிடோக்ரெலோ சாப்பிடுகிறவர் தலையில் அடிபட்டால் ரத்தக்கசிவு நிற்காமல் போகும் அபாயம் அதிகம். வெள்ளை அடிக்காத வேகத்தடை காரில் ஓர் உலுக்கல், ஸ்கூட்டரில் ஒரு விழுதல். காரில் கண்ணும் கழுத்தும் காலும் சரியில்லை என்று நாம் முடிவு செய்த அதே மனிதருக்கு, கூடுதலாக உடலின் சமநிலையும் தேவைப்படும் வண்டியைக் கொடுக்கிறோம்.

குறைவேக மின் ஸ்கூட்டர்களும் இந்த வகைதான். மோட்டார் திறன் 250 வாட்டுக்குள், வேகம் மணிக்கு 25 கிலோமீட்டருக்குள் இருந்தால் லைசென்ஸும் பதிவும் தேவையில்லை. அதனாலேயே லைசென்ஸ் புதுப்பிக்க முடியாத பெரியவர்களுக்கு இதை வாங்கிக் கொடுக்கிறார்கள். விழுகிறவருக்கு 25 கிலோமீட்டர் வேகம் குறைவானதல்ல. சத்தமில்லாத வண்டி என்பதால் குறுக்கே நடப்பவர் விலகவும் மாட்டார். பக்கச் சக்கரம் பொருத்துவது சிலருக்கு உதவும், ஆனால் பதிவுள்ள வண்டி என்றால் ஆர்.டி.ஓ. ஒப்புதலோடு செய்யுங்கள், மெக்கானிக் ஷாப்போடு முடித்துவிடாதீர்கள்.

காருக்கும் ஸ்கூட்டருக்கும் இடையில் தேர்ந்தெடுத்தே ஆக வேண்டும் என்றால், கார்தான். இதில் எனக்குத் தயக்கமே இல்லை.

## பக்கத்தில் வைத்துப் பார்த்தால்

| வழி | அவருக்கு ஆபத்து | பிறருக்கு ஆபத்து | கவனிக்காத செலவு | யாருக்குச் சரி |
|---|---|---|---|---|
| எல்லையோடு ஓட்டுவது | நடுத்தரம் | நடுத்தரம் | கண்காணிக்கும் ஆளின் நேரம் | சோதனையில் தேறியவர், சிறிய ஊர் |
| ஆட்டோமேட்டிக் | நடுத்தரம் | பெடல் குழம்பினால் மிக அதிகம் | பழகும் காலம் | அறுபதுகளில் மாறுபவர் |
| டிரைவர் | குறைவு | குறைவு | படி, காப்பீடு, நம்பிக்கை | அடிக்கடி போகிறவர், ஆஸ்பத்திரித் தேவை உள்ளவர் |
| டாக்ஸி, ஆட்டோ | குறைவு | குறைவு | ஆப் தொல்லை, காத்திருப்பு | மாதம் 300 கி.மீ.க்குள் போகிறவர் |
| பஸ், மெட்ரோ | ஏறி இறங்குவதில் | இல்லை | ரோட்டைக் கடப்பது | நிலையத்துக்கு அருகில் வசிப்பவர், கால் பலம் உள்ளவர் |
| ஸ்கூட்டர் | மிக அதிகம் | நடுத்தரம் | ஒரே விழுதலில் படுக்கை | யாருக்கும் இல்லை |

பெரும்பாலான வீடுகளுக்கு ஒரே வழி போதாது. காலை வேளையில் உள்ளூருக்குத் தன் கார், கல்யாணத்துக்கு வெளியூர் என்றால் ஆக்டிங் டிரைவர், சாயங்காலமானால் ஆட்டோ என்று கலந்து வைப்பதுதான் நடைமுறையில் நிலைக்கிறது. சோதனைகள் மோசமாகும்போது முதல் வழியை மட்டும் அதிலிருந்து எடுத்துவிடலாம், மற்றவை ஏற்கெனவே பழகியிருக்கும்.

## யார் சொல்வது, எப்படிச் சொல்வது

மகன் சொன்னால் அது அதிகாரப் போட்டியாகிவிடும். நீண்ட நாள் பார்க்கும் டாக்டர் சொன்னால் அது மருத்துவம். முன்கூட்டியே டாக்டரிடம் கவலையைச் சொல்லி, அப்பாவை நேரில் அழைத்துப் போய், கண்ணையும் காலையும் மருந்துகளையும் பார்த்துவிட்டு அவரே சொல்லட்டும். பேரன் பேத்திகள் முன்னால், விருந்தில், வாட்ஸ்அப் குடும்பக் குழுவில் இந்தப் பேச்சை எடுக்காதீர்கள். அப்பா ஐம்பது வருடம் குடும்பத்தைப் பத்திரமாகக் கொண்டுசேர்த்தவர். அதைச் சொல்லிவிட்டே ஆரம்பியுங்கள், அது உண்மை.

கார் வாசலில் நிற்கும்போதே ஒரு மாதம் ஆட்டோவிலும் டிரைவரோடும் போய்ப் பழகச் சொல்லுங்கள். முடிவெடுக்கும் உரிமை அவர் கையில் இருக்கும்வரை எதிர்ப்பு குறைவாக இருக்கும். அம்மாவின் பயணப் பட்டியலையும் கேட்டு எழுதுங்கள், ஏற்பாட்டை அதற்கும் சேர்த்துச் செய்யுங்கள்.

மறதி நோய் உறுதியானவர் விஷயம் வேறு. அங்கே சம்மதத்துக்குக் காத்திருக்க முடியாது, நேற்று ஒத்துக்கொண்டது இன்று அவருக்கு நினைவிருக்காது. மருத்துவரின் கடிதத்தோடு ஆர்.டி.ஓ.வை அணுகலாம். நோயாலோ உடற்குறையாலோ ஓட்டத் தகுதியற்றவரின் லைசென்ஸை ரத்து செய்ய மோட்டார் வாகனச் சட்டத்தின் 16-ஆம் பிரிவு இடம் கொடுக்கிறது. அந்த வீட்டில் சாவியை ஒளித்தால் போதாது, வண்டியையே வெளியே எடுத்துவிட வேண்டும்.

காரை விற்பதென்று முடிவானால் ஸ்கூட்டரையும் அதே வாரத்தில் விற்றுவிடுங்கள். வண்டியைப் பெயர் மாற்றுவதற்கான ஃபார்ம் 29, 30 கையெழுத்தானதோடு விட்டுவிடாமல், ஆர்.சி.யில் பெயர் மாறியதைப் பரிவாஹன் தளத்தில் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள். அதுவரை அந்த வண்டி யாரை இடித்தாலும், பதிவில் இருக்கும் உங்கள் அப்பாதான் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.